வைப்ஸ் அக்காவின் நடுப் 'பா'

வைப்ஸ் அக்காவிடம் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நாம் பக்கத்துக் கடைக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம். பதில் அப்போதும் வந்திருக்காது. தலைக்கனம் என்பார்கள் சிலர். காது மந்தம் என்பார்கள் சிலர். யாழ்ப்பாணத்து ஆட்களே அப்படித்தான், வார்த்தையை நிறுத்துத்தான் தருவார்கள் என்பார் நான் பாடும் இசைக்குழுவின் மாஸ்டர். மூன்றுமே பொய். நாம் கேட்ட கேள்வியின் கடைசிச் சத்தம் அடங்கும்வரை அவர் பொறுத்திருப்பார், அவ்வளவுதான். எனக்கோ, எதிரில் நிற்பவர் வாயைத் திறக்கும்போதே பதில் தொண்டைக்கு வந்துவிடும். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேடையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தது யார் செய்த பாவமோ தெரியாது.

முதன்முதலில் நான் அவரைப் பார்த்தது பதுளை பசாரில், நான் வேலை செய்த மருந்துக்கடையில். தலையிடிக்குக் குளிசை வாங்க வந்திருந்தார். வெள்ளைப் புள்ளி போட்ட சாம்பல் நிறச் சேலை, தோளில் பை, கையில் குடை. அந்த நேரம் பார்த்து முதலாளியின் முழங்கை பட்டு ஒரு எவர்சில்வர் தட்டு சீமெந்துத் தரையில் விழுந்தது. நாங்கள் எல்லோரும் "ஐயோ" என்று குனிந்தோம். அந்த அம்மா மட்டும் விரலை உயர்த்தி எங்களைத் தடுத்தார்.

"பொறுங்கோ, இன்னும் முடியேல்லை."

தட்டு தன்பாட்டில் சுற்றியது, நடுங்கியது, கடைசியில் கொசு பறப்பதுபோல ஒரு சத்தத்தோடு அடங்கியது. அதற்குப் பிறகுதான் குளிசையை வாங்கிப் பையில் போட்டார். இவருக்கு இருப்பது தலையிடி இல்லை, வேறு ஏதோ என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த கிழமை இசைக்குழு ஒத்திகைக்குப் போனால், எனக்குப் பின்னால் அதே புள்ளிச் சேலை நின்றது. அவர் பகலில் கச்சேரியில் கிளார்க். எங்கள் ஊரில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். காலையிலும் கச்சேரி, பின்னேரமும் கச்சேரி என்று குழுவில் எல்லோரும் கேலி செய்வார்கள். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் கேலி செய்தவர் மறந்துபோன பிறகுதான் வரும்.

வைப்ரபோன் என்பது அவர் வாசித்த சாமானின் முழுப் பெயர். வைப்ஸ் என்பது செல்லப் பெயர். பார்ப்பதற்குச் சில்லு வைத்த நீள மேசை. மேலே ஹார்மோனியக் கட்டைகள்போல இரண்டு வரிசையில் அலுமினியப் பட்டைகள், ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாய்களின் வாயில் சின்னச் சின்ன வட்டத் தகடுகள் இருக்கும். மோட்டாரைப் போட்டால் அவை சுழன்று குழாயின் வாயை மூடித் திறக்கும். அதனால்தான் அந்தச் சத்தம் தண்ணீரில் மிதந்து வருவதுபோல் வரும். காலடியில் ஒரு மிதி. மிதித்துக்கொண்டிருந்தால் அடித்த பட்டை தானாக அடங்கும்வரை ஒலிக்கும். காலை எடுத்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். அக்கா காலை எடுக்கவே மாட்டார்.

அவருக்கு அது கிடைத்தது பண்டாரவளைப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் ஆடுவதற்கு அங்கே ஒரு பேண்ட் இருந்ததாம். ஹோட்டல் கைமாறியபோது பழைய தளபாடங்களோடு அதையும் வெளியே போட்டிருக்கிறார்கள். அலுவலக வேலையாகப் போன அக்கா, மழையில் நனைந்துகொண்டிருந்த அந்தப் பட்டையில் ஒன்றை விரலால் சுண்டியிருக்கிறார். சத்தம் முடியும்வரை நின்றிருக்கிறார். அப்புறம் அதை அங்கே விட்டுவிட்டு வர மனம் வரவில்லையாம்.

தோட்டத்துத் திருவிழாக்களுக்கு அதைக் கொண்டுபோய் இறக்கினால் போதும், கூட்டம் எங்களை விட்டுவிட்டு அதைச் சுற்றிக்கொள்ளும். "இது கடல வறுக்குற வண்டிங்களா?" என்று ஒருவர் கேட்பார். சில்லைப் பார்த்துவிட்டு, "இது மேல சாமிய வச்சு இழுப்பீங்களா?" என்று இன்னொருவர் கேட்பார். அக்கா எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வார். கேட்டவர்கள்தான் அதற்குள் பாயாசத்துக்குப் போயிருப்பார்கள்.

தோட்டங்களில் கரண்டுக்குப் பலம் போதாது. மோட்டார் சோம்பலாகச் சுற்றும். அதனால் பதுளையில் துள்ளிக்கொண்டு போகும் பாட்டு, லுணுகலைப் பக்கத்தில் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் கேட்கும். யாரும் குறை சொன்னதில்லை. பின்னேரத்தில் நமுனுகுல மலையிலிருந்து பனி இறங்கி மேடைக்குள் வரும்போது, அந்தச் சத்தம் எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று எனக்கே தெரியாது. மைக்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொள்வேன். பிறந்த தோட்டத்து லயத்து வீடு, செத்துப்போன அப்பா, அப்போது இன்னும் பிறக்காத என் மகள் எல்லாம் ஒன்றாக வந்து பக்கத்தில் நிற்பதுபோல் இருக்கும். அப்புறம் தாளம் தப்பும், மாஸ்டர் முறைப்பார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சண்டைக்கே போய்விட்டேன். "அக்கா, நான் சரணத்துக்குப் போயிட்டேன், ஒங்க சத்தம் இன்னும் பல்லவிக்குள்ளயே கெடக்கு. கால எடுங்களேன்!" என்றேன். அவர் இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்கு வந்து, மருந்து எதுவும் வாங்காமல், "அது கிடக்கட்டும் தங்கச்சி. உம்மட பாட்டு அதுக்கு மேலாலை நடந்து போகட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடுத்த மேடையில் அப்படியே நடந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.

கோயிலிலும் இதே கூத்துத்தான். தீபம் காட்டி முடிந்ததும் ஐயர் கைமணியின் நாக்கைப் பிடித்து நிறுத்துவார். அக்காவின் முகம், யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்தியதைப் பார்த்ததுபோல் ஆகிவிடும். ஒருநாள் ஐயரிடம் போய் மெல்லக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு, அக்கா வரும் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஐயர் மணியை அடங்கும்வரை கையில் ஏந்திக்கொண்டு நிற்பார். விபூதிக்குக் கையை நீட்டிய நாங்கள் எல்லோரும் சேர்ந்து காத்திருக்க வேண்டும்.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மேல்மாடி அறையில்தான் வாடகைக்கு இருந்தார். "ஏங்கக்கா இந்தச் சத்தத்துல குடியிருக்கீங்க?" என்று கேட்டேன். பதுளைதான் கடைசி நிலையம், மற்ற ஊர்களில் ரயில் சத்தம் பாதியிலே ஓடிப்போய்விடும், இங்கேதான் வந்து முடிகிறது என்றார். அந்த அறையில் பாதி இடத்தை வைப்ஸ் பிடித்துக்கொண்டிருந்தது. மீதியில் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கூடை நிறையக் கம்பளி நூல். அடிக்கும் குச்சிகளின் தலையில் அவரே நூல் சுற்றிக்கொள்வார். பழைய ஸ்வெட்டர், குழந்தைத் தொப்பி, எதைக் கண்டாலும் பிரித்துவிடுவார். என் மகளுக்குச் சின்னதாகிப்போன ஒரு மஞ்சள் காலுறைகூட அந்தக் குச்சியில் ஏறியிருக்கிறது.

அவருடைய அம்மா இறந்த செய்தி அலுவலகத் தொலைபேசியில்தான் வந்தது. கேட்டார், ரிசீவரை வைத்தார், முன்னால் நின்ற ஆளின் வேலையை முடித்துக் கொடுத்தார். சாவுக்குப் போய் வந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று கூடப் போனவர்கள் சொன்னார்கள். எனக்கே பயமாக இருந்தது. இந்தப் பெண்ணுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று நினைத்தேன். பல மாதம் கழித்து ஒரு திருவிழாவுக்காகப் பசறை பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். ஒரு வளைவில் திடீரென்று "அம்மா" என்று விம்மத் தொடங்கியவர், அடுத்த ஊர் வரும்வரை நிறுத்தவில்லை. கண்டக்டர் பயந்துபோய், வயிற்று வலியா என்று கேட்டார். நான் அவருடைய தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். அழுகையும் அவருக்கு அடங்கி அடங்கித்தான் முடிந்தது.

அவருக்கென்று சொந்தமாக ஒரு வாசிப்பு இருந்தது. யாருடைய பாட்டுக்கும் பின்னால் நிற்காத, யாரும் கேட்காத வாசிப்பு. வேலை முடிந்து வந்து அந்த அறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. வருஷக்கணக்காகக் கட்டியது. நான் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறேன். மெல்லத் தொடங்கி, ஏறி, நடுப் 'பா' என்ற பஞ்சமப் பட்டை ஒன்றில் வந்து நிற்கும். அங்கே கொஞ்ச நேரம் இளைப்பாறும். பிறகு வேறு வழியாக இறங்கும். அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். முழுதாக ஒருக்கா ஆட்களுக்கு முன்னால் வாசித்து முடித்தால்தான் பெயர் வைக்கலாம் என்றார். அந்த மனுஷி எதற்காவது ஆசைப்பட்டு நான் கண்டது அந்த ஒன்றுக்குத்தான்.

அப்புறம்தான் பட்டை தொலைந்தது.

பால்மாவுக்கும் பெற்றோலுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம் அது. லுணுகலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் அம்மன் திருவிழா. நிகழ்ச்சி முடிகிற நேரத்தில் மழை கொட்டத் தொடங்கியது. டீசல் தீர்வதற்குள் பதுளைக்குப் போய்விட வேண்டும் என்று லொறிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். வைப்ஸின் பட்டைகள் ஒரு கயிற்றில் கோத்திருக்கும். பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி எடுக்கலாம். அன்றைக்கு அவசரத்தில் நான் ஒரு பக்கமும் தபேலாக்காரர் மறுபக்கமும் இழுக்க, கயிறு அறுந்து பட்டைகள் சேற்றில் சிதறின. தடவித் தடவிப் பொறுக்கினோம். பதுளைக்கு வந்து கழுவிக் கோத்துப் பார்த்தால் நடுப் 'பா'வைக் காணவில்லை.

திரும்பப் போய்த் தேடினோம், கிடைக்கவில்லை. லேத் பட்டறையில் ஒரு அலுமினியத் துண்டை அதே அளவுக்கு வெட்டிப் பார்த்தோம். அடித்தால் 'டொக்' என்று மண்முட்டியைத் தட்டியதுபோல் கேட்டது. வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதைப் பற்றிப் பேசவே வெட்கமாக இருந்தது. பால்மாவுக்கே டொலர் இல்லாத நேரம்.

"கீபோர்ட்ல ஒரு பட்டன அமுக்குனா வைப்ஸ் சத்தம் வருது. எதுக்குங்க இந்தக் கட்டிலத் தூக்கிக்கிட்டு அலையணும்?" என்றார் மாஸ்டர். சொன்னவர் வாயாலேயே அடுத்த மாதம் ஒரு வாய்ப்பும் வந்தது. நகர மண்டபத்தில் எங்கள் குழுவின் நிகழ்ச்சி. கொழும்பிலிருந்து ஒரு பெரிய பாடகர் வருகிறார். பெற்றோல் நிலவரத்தில் அவர் எப்போது வந்து சேர்வார் என்று சொல்ல முடியாது. "அவர் வர்ற வரைக்கும் ஆளுங்கள ஒக்கார வைக்கணும். நீங்க தனியா என்னமோ வாசிப்பீங்களாமே, அத வாசிங்கக்கா" என்றார் மாஸ்டர்.

இடைவெளியை அடைக்கத்தான் கேட்கிறார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அக்காவுக்கும் தெரியும். மறுநாள் பதில் வந்தது. "வாசிக்கிறன். ஆனா எனக்குப் பா வேணும்."

பட்டையைக் கண்டுபிடித்தவள் நான்தான். கண்டுபிடித்தேன் என்பதைவிட, அது தானாக மருந்துக்கடைக்கு நடந்து வந்தது என்று சொல்லலாம். அம்மன் திருவிழா நடந்த அந்தத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் ஆயாம்மா வயிற்றுவலித் தண்ணீர் வாங்க வந்திருந்தார். கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம்தான் பிள்ளைக் காம்பரா. எனக்கு வாய் சும்மா இருக்காதே, தொண்டை எப்படி ஆயாம்மா, முன்னே கட்டியிருந்ததே என்று கேட்டேன்.

"இப்பக் கொள்ளாம் புள்ள. முந்தி பழைய தண்டவாளத் துண்டு ஒண்ணு தொங்குச்சு, அத எவனோ இரும்புக்கு வித்துட்டான். பால்மாவும் கெடைக்கல, தாய்ப்பால்தான எல்லாத்துக்கும். கொழந்த முழிச்சா தாயக் கூப்புடணும். கத்திக் கத்தித்தான் தொண்ட போச்சு. அப்பறம் கோயில் பக்கம் புல்லு வெட்டயில வெள்ளையா ஒரு பட்ட கெடச்சிச்சு. ரெண்டு பக்கமும் ஓட்ட, கயிறு கோக்கன்னே போட்ட மாதிரி. தொங்கவிட்டு ஒரு தட்டுத் தட்டுனா மேமலைக்கே கேக்குது!"

அன்று மாலையே அக்காவின் மாடிப்படியில் ஏறிவிட்டேன்.

லீவு போட்டுவிட்டு இரண்டு பேரும் போனோம். பசறைக்கு ஒரு பஸ், அங்கிருந்து லுணுகலை பஸ். பிறகு தேயிலைக்கு நடுவே நடை. அக்கா பையில் பட்டையைச் சுற்றிக் கொண்டுவர ஒரு துவாய் வைத்திருந்தார். நடுவில் இரண்டு தடவை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டதைக் கண்டேன்.

பிள்ளைக் காம்பரா வாசலில், உத்தரத்தில் இருந்து தொங்கியது நடுப் 'பா'. பக்கத்து ஜன்னலில் அதை அடிக்க ஒரு பெரிய இரும்பு போல்ட். உள்ளே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். பனி வாசல்வரை வந்து நின்றது. நான் எதையும் யோசிக்காமல், "ஆயாம்மா, இது இந்த அக்காவோட சாமான். வைப்ஸோட பட்ட" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

ஆயாம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்படிங்களா? எங்களுக்குத் தெரியாதுங்கம்மா. மன்னிச்சிக்கங்க" என்று சொல்லி, ஸ்டூலைப் போட்டு ஏறி, தானே கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தார். அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். எழும்புங்கக்கா, பஸ்ஸைப் பிடிப்போம் என்று நான் அவசரப்படுத்திக்கொண்டிருந்தபோதே உள்ளே ஒரு குழந்தை வீரிட்டது.

ஆயாம்மா பழக்கத்தில் போல்ட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். கயிறு மட்டும்தான் ஆடிக்கொண்டிருந்தது. கையைத் தாழ்த்திவிட்டு, மலையைப் பார்த்துக் கத்தினார். "ஏ புள்ளேய்! ஒம் மக முழிச்சிட்டாடி!" குரல் உடைந்து பனிக்குள் விழுந்தது. இன்னொரு தடவை கத்தினார். யாரும் திரும்பவில்லை. குழந்தை அழுது அழுது சிவந்தது.

அந்தக் கூப்பாடு முழுதாக அடங்கும்வரை அக்கா இருந்தார். பிறகு எழுந்தார். ஸ்டூலில் ஏறினார். பட்டையைத் தன் கையாலேயே திரும்பக் கட்டினார். போல்ட்டை வாங்கி அடித்தார்.

நான் அந்தச் சத்தத்தை மேடையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கம்பளிக் குச்சியில் அது மெத்தென்று வரும். இரும்பில் அது வேறு ஆள். கூராக எழும்பிப் பள்ளத்தைத் தாண்டி எதிர் மலையில் போய்த் தொட்டது. பனிக்குள் ஒரு தலை நிமிர்ந்தது. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் ஓடி வந்தாள். இருபத்துச் சொச்சம் வயதிருக்கும். காலில் சேறு, கணுக்காலில் ஒரு அட்டை. அதைக்கூடப் பிய்க்காமல் குழந்தையை அள்ளி மாரில் வைத்துக்கொண்டாள்.

குழந்தை குடித்து முடிக்கும்வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், பஸ் போய்விட்டது.

"உங்கட மணியை எனக்கு ஒரு நாளைக்கு இரவல் தருவியளோ?" என்று அக்கா ஆயாம்மாவிடம் கேட்டார்.

"எரவலா? இது ஒங்க சாமான்னுதானம்மா இந்தப் புள்ள சொல்லிச்சு?"

அக்கா குழந்தையைப் பார்த்தார். "இப்ப உங்கட" என்றார்.

அதற்குப் பிறகு ஆயாம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. கணக்குப் பேசத் தொடங்கினார். "ஞாயித்துக்கெழமன்னா எடுத்துக்கங்க, அன்னைக்கு மலையில வேலயில்ல. ஆனா நாங்களே கொண்டாருவோம், கையோட திருப்பித் தந்துறணும். திங்கக்கெழம காலைல பெரட்டுக்கு ஆளு எண்ணுறதுக்கு முன்ன இது இங்கன தொங்கணும்." அக்கா தலையாட்டினார். எனக்குத் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். ஒத்திகைக்குக் கூடக் கையில் இல்லாத பட்டையை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், வேறொரு தண்டவாளத் துண்டு தேடிக் கொடுத்தால் போதாதா, உங்களுக்குப் பைத்தியமா என்றெல்லாம் கேட்டேன். பசறையில் பஸ் மாறி உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"என்னட்டை இருக்கேக்கை அதைக் கேட்டு ஆரும் ஓடி வந்ததில்லை, தங்கச்சி."

அந்த மாதம் முழுவதும் அவர் நடுவில் ஓட்டையோடுதான் ஒத்திகை பார்த்தார். பா வரும் இடத்தில் குச்சி வெறும் காற்றை அடிக்கும். அப்போதும் அவர் பொறுத்திருப்பார், அங்கே இல்லாத சத்தம் முடியும்வரை. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தார். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் குச்சியைத் திருப்பிப் பிடித்து, நூல் சுற்றாத மரக் கட்டைப் பக்கத்தால் அடிப்பதுபோல் காட்டுவார். "அங்கை கேட்ட மாதிரியே வரவேணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மண்டபம் நிறைந்துவிட்டது. கொழும்புப் பாடகர் வந்து சேரவில்லை. ஆயாம்மாவும் தோட்டத்துப் பெண்கள் நாலைந்து பேரும் முதல் பஸ்ஸிலேயே வந்து முன் வரிசையைப் பிடித்திருந்தார்கள். பட்டையை ஒரு பிள்ளைத் துணியில் சுற்றி, மேடைக்குப் பின்னால் கொண்டுவந்து ஆயாம்மாவே அக்காவின் கையில் கொடுத்தார். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்று சேறும் காலுமாக ஓடி வந்த பெண் இன்று ஊதாச் சேலை கட்டி, மகளைத் தோளில் போட்டுத் தூங்க வைத்திருந்தாள்.

திரை திறந்தது. அக்கா தொடங்கினார்.

அதை எப்படிச் சொல்வேன்? நான் பாட்டுக்காரி, சொல் இல்லாத சங்கீதம் எனக்கு அவ்வளவு பிடிபடாது. மழை விட்ட பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர்போல் தொடங்கியது. மோட்டார் மெல்லச் சுழன்றது. ஒரு சத்தத்தின் மேல் இன்னொரு சத்தம் வந்து படுத்தது, அதன் மேல் இன்னொன்று. கதிரைகளை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் குச்சியை வாயில் வைத்தபடியே இருந்தார்கள். எனக்கு அந்த மேல்மாடி அறையும், கடைசி நிலையத்துக்கு வந்து சேரும் ரயிலும், பசறை பஸ்ஸில் என் தோளில் நனைந்த தலையும் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துபோயின. வாசிப்பு ஏறிக்கொண்டே வந்தது. அக்கா குச்சியைத் திருப்பினார். மரக் கட்டையால் நடுப் 'பா'வை அடித்தார்.

முன் வரிசையில் ஊதாச் சேலைக்காரி திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டாள்.

ஒரு காலை எடுத்து வைத்தும்விட்டாள், ஓடப்போவதுபோல. பிறகுதான் தான் இருக்கும் இடம் அவளுக்குத் தெரிந்தது. வெட்கத்தோடு குனிந்து பார்த்தாள். அவளுடைய ரவிக்கையின் முன்புறம் இரண்டு பக்கமும் ஈரம் பரவிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்குத் தினம் தினம் ஓடி வந்த உடம்பு அது. ஞாயிற்றுக்கிழமையோ நகர மண்டபமோ அதற்குத் தெரியாது. பால் சுரந்துவிட்டது. தோளில் கிடந்த குழந்தையும் முழித்துக்கொண்டு வாயைத் தேடத் தொடங்கியது. ஆயாம்மா அவளைப் பிடித்து உட்கார வைத்துத் தன் சேலைத் தலைப்பால் மறைத்துவிட, அவள் அங்கேயே பால் கொடுத்தாள்.

அக்கா பார்த்துவிட்டார். அடுத்த பட்டைக்கு உயர்ந்த குச்சி அப்படியே நின்றது. பா மெல்ல மெல்ல அடங்கி முடிந்தது. அவர் அடுத்ததை அடிக்கவில்லை.

மண்டபத்தில் ஒருவர் இருமினார். யாரோ சிரித்தார்கள், பக்கத்தில் இருந்தவர் உஷ் என்றார். பிறகு அந்தச் சத்தங்களும் போய்விட்டன. அவ்வளவு பெரிய மண்டபத்தில் ஒரு குழந்தை பால் குடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு மிடறு, ஒரு மூச்சு, ஒரு மிடறு. என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்போது இதை எழுதும்போதும் வருகிறது.

மாஸ்டர் மேடை ஓரத்தில் நின்று கையை ஆட்டினார். "வாசிங்கக்கா! என்ன மறந்துட்டீங்களா? வாசிங்க!"

"பொறுங்கோ," என்றார் அக்கா, கண்ணை எடுக்காமல். "இன்னும் முடியேல்லை."

அந்த நேரம் பார்த்து வெளியே வாகனம் வந்து நின்றது. பாடகர் வந்துவிட்டார். மாஸ்டர் என்ன செய்வார், பாவம். ஓடிப்போய்த் திரைக் கயிற்றை இழுத்தார். திரை எங்களுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் பாடகருக்காகக் கைதட்டல் எழும்பியது, விசில் பறந்தது. அக்காவின் வாசிப்பில் பாதிக்கு மேல் இன்னும் மிச்சம் இருந்தது. அத்தனை வருஷம் கட்டியது. இறங்கி வரும் வழியை ஒருவரும் கேட்கவில்லை.

அக்கா கயிற்றைத் தளர்த்தி நடுப் 'பா'வைக் கழற்றினார். பிள்ளைத் துணியில் சுற்றிப் பக்கவாட்டுப் படியில் காத்து நின்ற ஆயாம்மாவின் கையில் கொடுத்தார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. மாஸ்டரை நாலு வார்த்தை கேட்டுவிட்டு, கேட்டது போதாமல் அக்காவிடமே வந்தேன்.

"அக்கா, இவ்வளவு காலமா காத்திருந்துட்டு, ஒங்க வாசிப்பு பாதியிலேயே..."

நான் கேட்டு முடிக்கவில்லை. அவருக்கு அவசரம். முகம் முழுக்கச் சிரிப்பாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை வயிறு நிறையக் குடிச்சுது, நீர் பாக்கேல்லையோ?"